தாழி இல்லாத நிலத்துக்கும் வரலாறு உண்டு

தொழிற்பூங்காவுக்காக எடுக்கவிருந்த விவசாய நிலத்தில் தொல்லியல் மேற்பரப்பாய்வு நடந்தது. முனைவர் பட்ட ஆய்வாளன் என்ற முறையில் உதவிக்குப் போயிருந்தேன். பட்டாதாரர் முன்னால் நடந்தார். "இங்க ஒண்ணும் கிடையாது சார், வெறும் கடலைக்காடு" என்றார். ஏதாவது கிடைத்தால் இழப்பீடு தள்ளிப்போகுமே என்ற கவலை அவருக்கு. அவர் டீ குடிக்கப் போன பிறகுதான், களை வெட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் பேசினார். "அந்த மேட்டுப் பக்கம் போய்ப் பாரு தம்பி. ஏர் ஓட்டுனா கொழு முட்டும். எங்க மாமியார் காலத்துலயே பெரிய பெரிய பானையா உடைஞ்சு வந்திருக்கு."

போய்ப் பார்த்தோம். கருப்பு சிவப்புப் பானை ஓடுகள், முதுமக்கள் தாழியின் தடித்த விளிம்புகள்.

படிவத்தில் சர்வே எண்ணுக்கு இடம் இருந்தது. நில உரிமையாளர் பெயருக்கு இடம் இருந்தது. அந்த அம்மாவின் பெயருக்கு இடமில்லை. 'உள்ளூர்வாசிகள் அளித்த தகவலின்படி' என்று எழுதினேன். வேறு யாரும் அல்ல, நான்தான் எழுதினேன். அடுத்தவர் காட்டில் களை வெட்டி என்னைப் படிக்க வைத்த ஒரு தாயின் மகன்.

இது படிவத்தின் குறை மட்டும் அல்ல. நிலத்தைப் பற்றி யார் பேசலாம் என்பதைப் பட்டா முடிவு செய்கிறது. பட்டா யாரிடம் இருக்கும் என்பதைச் சாதி முடிவு செய்தது. மண்ணைத் தினமும் கையால் தொடுகிறவர்களை விட்டுவிட்டு, வரப்பில் நிற்பவரிடம் விசாரிக்கும் ஆய்வு பாதி ஆய்வுதான்.

சட்டமும் நமக்குக் கைகொடுப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சட்டம், பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடும் விதிக்கிறது. அறிவிக்கப்படாத ஒரு வயலை எடுப்பதற்கு முன் ஆய்வு செய்தே தீர வேண்டும் என்று அதில் இல்லை. கீழடியே தனியார் தென்னந்தோப்புக்கு அடியில்தான் கிடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எனவே ஆய்வைக் கட்டாயமாக்கு என்று கேட்க வேண்டும். அதோடு நிறுத்தினால் போதாது. பழம்பொருள் கிடைத்தால் வரலாறு, கிடைக்காவிட்டால் வெறும் நிலம் என்ற கணக்கில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'ஒன்றும் இல்லை' என்ற அறிக்கை, நிலத்தைப் பறிப்பதற்கான அனுமதிச் சீட்டாக மாறிவிடும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் ஒரு தாழிகூட இல்லாமல் இருக்கலாம். அந்த நிலத்துக்கு வரலாறு இல்லையா? அது கைமாறிப் போன கதையை எந்தக் குழியைத் தோண்டி எடுப்பது?

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், மூன்றாண்டுகள் அந்த நிலத்தை நம்பிப் பிழைத்த நிலமற்ற விவசாயக் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஏற்கிறது. சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கேட்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழில் திட்டங்களுக்கு 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தால் அந்த மதிப்பீடு கிடையாது. உயர் நீதிமன்றம் 2019இல் அந்த வழியை அடைத்தது. சட்டமன்றம் அதே ஆண்டு மீண்டும் திறந்துவிட்டது.

தொல்லியல் படிக்கும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வை ஊரிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள், சேரிக்கும் போங்கள். தகவல் சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரை அறிக்கையில் எழுதுங்கள். பஞ்சமி நிலப் பதிவேட்டையும் பானை ஓட்டையும் ஒரே மேசையில் வையுங்கள்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: "காடு போயிருச்சுன்னா நாங்க எங்க தம்பி வேலைக்குப் போறது?" அந்தக் கேள்விக்கும் எங்கள் படிவத்தில் இடமில்லை. தாழிகள் இருப்பதால் அந்த மேடு ஒருவேளை தப்பிக்கலாம். அதைக் காட்டியவரின் பிழைப்பும் தப்ப வேண்டும்.