ஜாக்சன் ஜாக்கெட், ஏழு வயசு அளவு

 

அரியர் லிஸ்ட்டைப் பார்த்து நொந்துபோய் உட்கார்ந்திருக்கிற நேரத்துல அக்காகிட்ட இருந்து போன் வருதுன்னு வெச்சுக்குங்க. "டேய், வர்ற ஞாயித்துக்கிழமை பையனுக்கு பர்த்டே. மைக்கேல் ஜாக்சன் டிரெஸ்தான் வேணுமாம். ஒரே அழுகை. நீதான் தைச்சுத் தரணும்." ஏன் நாம? என்னைக்கோ ஹாஸ்டல் ஜன்னலுக்கு ஸ்கிரீன் தைச்ச பாவத்துக்கு, குடும்பத்துல நமக்கு ‘டெய்லர்’னு பேர் விழுந்துடுச்சு!

எனக்கு வந்த போன்தான் அது. அக்கா வீடு தஞ்சாவூர்ல. பையனுக்கு ஏழு வயசு. முதல்ல நானும் உங்களை மாதிரி எஸ்கேப் ஆகத்தான் பார்த்தேன். "வாடகைக்கு எடுத்துக்கலாமே"ன்னு ஒரு ஃபேன்ஸி டிரெஸ் கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். பத்து வயசுப் பையனுக்கான கோட்டு அது. போட்டுப் பார்த்தா, நம்ம ஆள் கோட்டுக்குள்ள குடியிருக்கிற மாதிரி இருந்தான். கையைத் தூக்கினா கோட்டு காது வரைக்கும் ஏறுது.

திரும்பி வந்து வீட்ல சொல்லிட்டு இருக்கும்போது பக்கத்து வீட்டு அத்தை ஒரு யோசனை சொன்னாங்க. "பையன் நல்ல கறுப்பாச்சே. ஜாக்சன் வெள்ளைவெளேர்னுல்ல இருப்பாரு. மூஞ்சிக்கு நல்லா பவுடர் அடிச்சு விடுங்க, சரியாப் போயிடும்." எல்லாரும் சிரிச்சாங்க. பையன் சிரிக்கல. ராத்திரி படுக்கும்போது என்கிட்ட மெதுவா, "மாமா, சாதா டிரெஸ்ஸே போட்டுக்கறேன்"னான்.

அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் எஸ்கேப் ஆக முடியுமா பாஸ்? அம்மாவோட பழைய மிதி மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

டிரெஸ் மட்டும் ஆடும்!

தைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஜாக்சன் டிரெஸ்னா எது? 1994ல வந்த ‘காதலன்’ படத்தோட ‘முக்காலா’ பாட்டைத் திரும்பப் போட்டுப் பாருங்க. கடைசியில பிரபுதேவாவோட தலை, கை, கால் எல்லாம் காணாமப் போயிடும். டிரெஸ் மட்டும் தனியா ஆடும். ஆனாலும் ஆடறது யாருன்னு நமக்குத் தெரியுதுல்ல? அதான் காஸ்ட்யூமோட வேலை.

ஜாக்சன் இதுல கில்லாடி. 1983 மார்ச் 25ல பதிவு பண்ணி, மே 16ல அமெரிக்க டி.வி.யில வந்த ‘மோடவுன் 25’ நிகழ்ச்சியிலதான் அவர் முதல்முதலா மேடையில மூன்வாக் போட்டார். அன்னைக்கு என்ன போட்டிருந்தார்? கறுப்பு சமிக்கி ஜாக்கெட், கணுக்காலுக்கு மேல நிக்கிற கறுப்பு பேண்ட், மினுக்குற சாக்ஸ், கறுப்பு ஷூ, இடது கையில மட்டும் ஒத்தை கிளவுஸ். பேண்ட் ஏன் குட்டை? கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கால் நகர்றது தெரியணும். கிளவுஸ் ஏன்? கை எங்கே போகுதோ அங்கே நம்ம கண்ணும் போகணும். அலங்காரம் மாதிரி தெரியற ஒவ்வொண்ணும் அங்கே வேலை பாக்குது.

அதனால எல்லாத்தையும் தைக்கணும்னு மலைக்காதீங்க. ஒரு ஜாக்கெட், ஒரு கிளவுஸ், ஒரு ஜோடி சாக்ஸ். பேண்ட்டுக்குச் செலவே கிடையாது! நம்ம ஊர் அம்மாக்கள் ‘வளர்ற பிள்ளை’ன்னு பேண்ட்டை ரெண்டு இஞ்ச் உள்ளே மடிச்சுத் தைப்பாங்க. அந்த மடிப்பையும் பிரிச்சு விட்டு, அதுவும் பத்தாம ஓரமா கிடக்குமே போன வருஷத்துப் பேண்ட்... கறுப்புல அப்படி ஒண்ணு இருந்தா அதுதான் ஒரிஜினல் ஜாக்சன் பேண்ட்.

சரபோஜி போட்ட ரூட்டு

ஜாக்கெட்டுக்கு என் சாய்ஸ், ராணுவ மாடல். 1984 பிப்ரவரியில ஒரே ராத்திரியில எட்டு கிராமி விருது வாங்கினாரே, அன்னைக்குப் போட்டிருந்த ஸ்டைல். தோள்ல பட்டை, தங்கக் கலர் வேலைப்பாடு. ‘இதுக்கெல்லாம் தஞ்சாவூர்ல எங்கே போறது?’ன்னு தலையைச் சொறிஞ்சப்ப, தெருவுல ஒரு கல்யாண ஊர்வலம் போச்சு. பேண்டு செட் அண்ணன்களைப் பார்த்தேன். சிவப்பு கோட்டு, தங்கக் கயிறு, பித்தளை பட்டன். அடப்பாவிகளா, இதான்யா அது!

யோசிச்சுப் பாருங்க. ஜாக்சனோட ஜாக்கெட்டுக்கும் நம்ம பேண்டு செட் கோட்டுக்கும் தாத்தா ஒருத்தர்தான், ஐரோப்பிய சிப்பாயோட யூனிஃபார்ம். அந்த பேண்டு சத்தம் காவிரிக் கரைக்குப் புதுசும் இல்லை. 1798ல இருந்து 1832 வரைக்கும் தஞ்சாவூரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, மேற்கத்திய வாத்தியங்களை அரண்மனைக்குள்ள கொண்டுவந்தவர். தஞ்சை நால்வர்ல ஒருத்தரான வடிவேலு, வெள்ளைக்காரங்க வயலினை நம்ம இசைக்குப் பழக்கினவங்கள்ல ஒருத்தர். திருவாரூர்ல பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். வெள்ளைக்காரங்க பேண்டு மெட்டுகளை எடுத்து, அதுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் போட்டார். நோட்டு ஸ்வரம்னு பேரு. அதுல ‘ஸந்ததம் பாஹிமாம்’ பாட்டோட மெட்டு, பிரிட்டிஷ்காரங்களோட தேசிய கீதம்!

தீட்சிதர் வெள்ளைக்காரரா மாறிட்டாரா என்ன? மெட்டை வாங்கினார், நம்ம அளவுக்கு வெட்டித் தைச்சுக்கிட்டார். நானும் அதைத்தான் செய்யப் போறேன்னு எனக்கு நானே தைரியம் சொல்லிக்கிட்டேன். மறுநாள் பேண்டு செட்டுக்குக் கோட்டு தைக்கிற டெய்லர்கிட்ட போய் நின்னேன். விஷயத்தைச் சொன்னதும் தங்கக் கயிறும் மிச்சம் கிடந்த பித்தளை பட்டனும் எடுத்துக் குடுத்து, இலவச இணைப்பா ஒரு அட்வைஸும் குடுத்தார். "தம்பி, நிக்க வெச்சு அளவு எடுக்காதீங்க. ஆட வெச்சு எடுங்க."

வெட்டு, ஒட்டாதே

இனிமே பாடம். நோட்ஸ் எடுத்துக்குங்க.

துணி: ரெக்ஸின் பக்கமே போகாதீங்க. பளபளன்னு தோல் மாதிரிதான் இருக்கும். ஆனா தஞ்சாவூர் வெயில்ல பிள்ளை அவிஞ்சு போயிடும். ஊசி ஒரு தடவை தப்பா இறங்கினா அந்த ஓட்டை மூடவும் மூடாது. கறுப்பு காட்டன் டிரில் போதும். உள்ளே மெல்லிசா காட்டன் லைனிங்.

அளவு: மார்பு சுற்றளவோட நாலு இஞ்ச் சேருங்க. கையை மேலே தூக்கச் சொல்லி, இடுப்புல இருந்து அக்குள் வரைக்கும் ஒரு தடவை, கையை இறக்கி ஒரு தடவை அளந்து பாருங்க. எவ்வளவு வித்தியாசம்னு அப்பதான் புரியும். வாடகைக் கோட்டு காதுக்கு ஏறின ரகசியம் அதுதான்.

அக்குள் துண்டு: மூணு இஞ்ச் சதுரமா ஒரு துண்டு வெட்டி, அக்குள்ல சாய்சதுரமா வெச்சுத் தைங்க. தாத்தாவோட பழைய ஜிப்பாவைப் புரட்டிப் பாருங்க, அதுலயும் இருக்கும். கையைத் தூக்கினா துண்டு விரியும், கோட்டு இருந்த இடத்துலயே நிக்கும். நான் முதல்ல இதைப் போடாம தைச்சு, மறுபடி பிரிச்சு, ஒரு ராத்திரி தூக்கம் போச்சு.

கயிறு: நெஞ்சுல அஞ்சு வரிசை. மேலே அகலம், கீழே வரவரக் குறுகல். ஊசியால தையுங்க, பசை வேண்டாம். பசை வியர்வையில பிச்சுக்கும். பித்தளை பட்டன் எல்லாம் ஷோவுக்கு மட்டும்தான், நிஜமா திறக்கிறதுக்கு உள்ளே பிரஸ் பட்டன். அவசரமா பாத்ரூம் ஓடற பிள்ளை தானே கழட்டிக்கணும்ல?

கிளவுஸ்: வெள்ளைக் காட்டன் கிளவுஸ் ஒண்ணு வாங்கி, புறங்கையில மட்டும் சமிக்கி வெச்சுத் தைங்க. உள்ளங்கையில வேண்டாம், உறுத்தும். இடது கைக்குப் போடுங்க. வலது கையால கேக் சாப்பிடணுமே! ஜாக்சன் நமக்காகவே யோசிச்ச மாதிரி இல்லை?

இதுல விளையாட்டு வேணாம்

மூணு விஷயம் சீரியஸா சொல்றேன்.

ஒண்ணு, தீ. 1984 ஜனவரி 27ல ஒரு பெப்சி விளம்பரப் படப்பிடிப்புல வாணவேடிக்கைப் பொறி விழுந்து ஜாக்சனோட முடியே பத்திக்கிச்சு. அதனால நைலான் விக் வேண்டாம், கேக் மேல பொறி பறக்கிற மெழுகுவத்தி வேண்டாம், பாலியஸ்டர் ஜாலர் வேண்டாம். 2004 ஜூலை 16ல கும்பகோணம் பள்ளித் தீயில 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண்ணு இது. இந்த விஷயத்துல ‘ஒண்ணும் ஆகாது’ன்னு சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ரெண்டு, அந்தச் சாயுற ஸ்டெப். ‘ஸ்மூத் கிரிமினல்’ பாட்டுல உடம்பை விறைப்பா வெச்சுக்கிட்டு முன்னாடி சாய்வாரே, அது. மேடையில அதைச் செய்ய ஷூ குதிகால்ல ஒரு பள்ளம், தரையில அதை மாட்டிக்கிற ஒரு ஆணி. 1993 அக்டோபர்ல அதுக்கு அமெரிக்காவுல பேட்டன்ட்டே வாங்கினாங்க. பேட்டன்ட்டுல ஜாக்சன் பேரோட, அவருக்கு டிரெஸ் தைச்ச மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் பேரும் இருக்கு. அதாவது அது டெய்லரோட வித்தை. நம்ம பிள்ளை செஞ்சா மூக்குதான் உடையும்.

மூணு, அந்த மனுஷனைப் பத்தின நிஜம். குழந்தைகள் விஷயத்துல ஜாக்சன் மேல கடுமையான குற்றச்சாட்டுகள் வந்தது. 2005 ஜூன்ல கலிஃபோர்னியா ஜூரி அவரை விடுவிச்சது. 2019ல வந்த ஒரு ஆவணப்படத்துல ரெண்டு பேர் மறுபடி குற்றம் சாட்டினாங்க, ஜாக்சன் குடும்பம் மறுத்தது. ஏழு வயசுக்கு இது வேண்டாம். பையன் வளர்ந்து கேக்கும்போது மறைக்காம சொல்லணும்னு அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

அந்த பவுடர் டப்பா

சனிக்கிழமை ராத்திரி டிரையல். பையன் ஜாக்கெட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தானே தவிர, போட்டுக்கல. "நான் கறுப்புல்ல மாமா?"ன்னான்.

மொபைலை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினேன். 1969ல ‘ஜாக்சன் 5’ குழுவோட முதல் பெரிய ஹிட் வந்த சமயம். அஞ்சு அண்ணன் தம்பிங்க, சுருட்டை முடி, நம்ம பையனை விடவும் கறுப்பு. நடுவுல பதினோரு வயசுப் பொடியன் ஒருத்தன். "இது யார்றா?"

"தெரியலயே."

"மைக்கேல் ஜாக்சன்."

அப்புறம் அவனுக்குப் புரியற மாதிரி சொன்னேன். அவர் கறுப்பாத்தான் பிறந்தார். பின்னாடி தோல்ல வெண்புள்ளி வந்து நிறம் போச்சு. அதை 1993ல டி.வி. பேட்டியில அவரே சொன்னார், 2009ல அவர் இறந்ததுக்கு அப்புறம் டாக்டர்கள் அறிக்கையும் அதையே உறுதி பண்ணுச்சு. வெண்புள்ளி தொத்து வியாதி இல்லை, யாரோட தப்பும் இல்லை. "அவரு இந்த டான்ஸை எல்லாம் கத்துக்கிட்டப்ப உன் கலர்தான்டா இருந்தாரு."

போட்டோவையே ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் ஜாக்கெட்டுக்குள்ள கையை விட்டான். சரியா உட்கார்ந்தது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கேக் வெட்டறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு அத்தை பவுடர் டப்பாவோடவே வந்துட்டாங்க, பாசமாத்தான். "வேண்டாம் அத்தை. ஜாக்சன் சின்னப் பிள்ளையில கறுப்புதான்"னு சொல்லிட்டு ஹாலுக்கு ஓடிட்டான். அத்தை என்னைப் பார்த்தாங்க. நான் மெஷினைப் பார்த்தேன். மூன்வாக்னு நினைச்சு பின்னாடி போய் சோபாவுல ரெண்டு தடவை முட்டிக்கிட்டான், மூணாவது வரிசைத் தங்கக் கயிறு ஒண்ணு பிரிஞ்சு தொங்குச்சு. ஆனா ரெண்டு கையையும் மேலே தூக்கினப்ப, ஜாக்கெட் அசையல பாஸ்!

உங்க வீட்லயும் இப்படி ஒரு வாண்டு இருக்கும். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது பையில ஒரு இஞ்ச் டேப்பையும் போட்டுக்குங்க. மெஷின் மிதிக்கிறது பொண்ணுங்க வேலைன்னு எந்த மச்சானாவது கலாய்ச்சா, அந்த அக்குள் துண்டைத் தைச்சுக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் பேசுவானா பார்க்கலாம்!