போச்சுன்னு சொல்லாதீங்க சாமி!

கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெளிச்சம் கூடிப்போனால் "போச்சு, தூக்கிப் போடு" என்கிற ஆசாமிகளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. என்னய்யா போச்சு? 400 ஐஎஸ்ஓ ஃபிலிமை 100 என்று வைத்து எடுத்தால் இரண்டு ஸ்டாப் கூடுதல், அவ்வளவுதான். நிழலில் உள்ளது நன்றாகவே பதிந்திருக்கும். கழுவும்போது டெவலப்பர் நேரத்தைக் கால்வாசி குறையுங்கள், வெளுத்த இடங்கள் அடைத்துப்போகாது. ஆனால் கரைசல் 20 டிகிரியில் இருக்கணும். கான்சாபுரம் வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீர் என்றால் குறைத்த நேரமும் வீண். பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வையுங்கள்.

கழுவிய பிறகுதான் தெரிந்ததா? பொட்டாசியம் ஃபெரிசயனைடும் ஹைப்போவும் கலந்து அடர்த்தியைக் குறைக்க ஹோவர்ட் ஃபார்மர் 1883லேயே வழி சொல்லிவிட்டார்.

ஊட்டி ஃபிலிம் ஆலையும் மூடியாச்சு. ரோல் விலையை விடுங்கள், அதில் இருக்கும் முகம் திரும்ப வருமா? வசூலுக்கே போகாமல் வராக்கடன் எழுதுகிறவரை எங்கள் காமர்ஸ் வகுப்பில் ஃபெயிலாக்குவார்கள். இங்கே அவர்தான் நிபுணராம்!