எதிரொலியும் சமுத்திர ஜலமும்

பெரு தேசத்தில் ஒவ்வொரு மீன்பிடிப் பருவமும் தொடங்குமுன், இமார்ப்பே என்னும் அந்நாட்டுச் சமுத்திர ஆராய்ச்சி நிலையத்தின் கப்பல்கள், நம் நெத்திலிக்கு உறவான அஞ்சோவெட்டாவைத் தேடிக் கரைக்கும் ஆழ்கடலுக்குமாகப் போய்வந்து, ஒலியலைகளை நீருக்குள் செலுத்தி, மீனின் காற்றுப்பையில் பட்டு மீளும் எதிரொலியைக் கொண்டு, இருப்பு இத்தனை லட்சம் டன் என்று கணிக்கின்றன. அக்கப்பல்கள் இடையிடையே நின்று, உஷ்ணமும் உப்பும் பிராணவாயுவும் அளக்கும் கருவிகளை வடத்தில் கட்டி இறக்குவதை வீண் காலதாமதம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அந்தத் தாமதம் இல்லாவிட்டால் எதிரொலிக்கு அர்த்தமே இல்லை என்பதுதான்.

நீரில் சப்தம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். அந்த வேகமும் உஷ்ணத்தோடு மாறும். ஆனால் இது அற்ப விஷயம்; திருத்திக்கொள்ளலாம். மீனின் சுபாவமோ அவ்வளவு எளிதில் பிடிபடாது. பெருவின் கரையோரம் அடியிலிருந்து மேலெழும் குளிர்ந்த நீரே அஞ்சோவெட்டாவுக்கு ஆகாரம் விளைவிக்கிறது. அதற்குச் சற்றுக் கீழேயோ பிராணவாயு வற்றிய நீர் படர்ந்திருப்பதால், அம்மீன் மேலடுக்கிலேயே நெருங்கி வாழ்கிறது. எல் நினோ வந்து வெதுவெதுப்பான நீர் பரவும்போது, எஞ்சிய குளிர்நீரை நாடி அது கரையை ஒட்டிக் குவியும். இல்லையேல் ஆழத்துக்கு இறங்கும். ஆழமற்ற கரையோரத்தில் ஆராய்ச்சிக் கப்பல் நுழைய முடியாதாகையால் இருப்பு குறைந்ததாகத் தோன்றும். வலை வீசுகிறவனுக்கோ கடல் நிறைந்து வழிவதாகத் தோன்றும். 1970-இல் 1 கோடியே 20 லட்சம் டன்னை எட்டிய பிடிப்பு, 1972-இன் தொடக்கத்தில் கரையோரம் குவிந்த மீனை வாரியெடுத்த பின், 1973-இல் 20 லட்சம் டன்னுக்கும் கீழே வீழ்ந்தது இவ்விதமே. அளவுமீறிய பேராசையும் அதற்குத் துணைநின்றது என்பதை மறைப்பதற்கில்லை.

2023-இல் ஜலம் உஷ்ணமடைந்து, வலையில் 12 சென்டிமீட்டருக்கும் குறைந்த குஞ்சுகளே மிகுந்திருந்தபோது, பெருவின் வட, மத்தியக் கடற்பகுதியின் முதல் பருவத்தையே அரசாங்கம் ரத்து செய்தது. அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். ஆயினும் சிம்போத்தே துறைமுகத்தில் மீன்தூள் ஆலைக் கூலியை நம்பியிருப்பவனிடம், கண்ணெதிரே மீன் துள்ளும்போது பிடிக்காதே என்று கட்டளையிட எதிரொலிப் படம் மட்டும் போதாது. எந்த ஆழத்தில் எத்தனை பாகை உஷ்ணம், பிராணவாயு எங்கே அற்றுப்போகிறது என்ற கணக்கையும் அவன் பாஷையில், பருவம் தொடங்குமுன்பே, துறைமுகத்தில் எழுதி ஒட்டியாக வேண்டும்.