சுவருக்கு யார் ஜாமீன்?

மிக்ஸி வாங்கினால் வாரண்ட்டி உண்டு. ஃபேன் வாங்கினால் உண்டு. எழுநூறு ரூபாய்க்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினால்கூட கடைக்காரர் ஓர் அட்டையில் தேதி போட்டு, சீல் குத்தி, "பத்திரமா வைங்க ஸார்" என்று கொடுக்கிறார். அந்தக் கடிகாரத்தை மாட்டுகிற சுவரை அறுபது லட்சத்துக்கு வாங்குகிறோமே, அதற்கு என்ன கொடுக்கிறார்கள்? ஒரு கொத்துச் சாவி, ஒரு ஸ்வீட் பாக்ஸ், புரோக்கரின் அழுத்தமான கைகுலுக்கல்.

வாரண்ட்டி என்று வாயெடுத்துப் பாருங்கள். புரோக்கர் உடனே சுவரைத் தட்டிக் காட்டுவார். "கிண்ணுனு இருக்கு பாருங்க ஸார்! நூறு வருஷம் நிக்கும்." கவனித்துப் பாருங்கள், அவர் தட்டுவது எப்போதும் தூணாகத்தான் இருக்கும்.

பி.காமில் மெர்க்கன்டைல் லா பேப்பருக்காக நாங்கள் உருப்போட்ட ஒரே லத்தீன் வார்த்தை 'கேவியட் எம்ப்டார்'. வாங்குகிறவனே, உஷார்! ஆனால் அது வருவது 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தில். அந்தச் சட்டம் அசையும் பொருள்களுக்கு மட்டும். வீடு அசையாச் சொத்து. (அசைந்தால் அது வேறு பிரச்னை.) வீட்டுக்கு 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட சொத்து மாற்றச் சட்டம் இருக்கிறது. அதன் 55-வது பிரிவு சொல்வது: விற்கிறவருக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்ணில் படாத முக்கியமான குறை இருந்தால், விற்கிறவர் அதைச் சொல்லியே ஆகவேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று எந்த ஆசாமி ஒப்புக்கொள்ளப் போகிறார்?

அமெரிக்காவில் இதையே ஒரு தொழிலாக்கி விட்டார்கள். பெயர் ஹோம் வாரண்ட்டி. 'அமெரிக்கன் ஹோம் ஷீல்ட்' என்ற கம்பெனி 1971-லேயே ஆரம்பித்து விட்டது. பழைய வீட்டை விற்பவரோ வாங்குபவரோ பணம் கட்டினால், வழக்கமாக ஒரு வருஷத்துக்கு ஏ.சி., ஹீட்டர், குழாய், வயரிங் எது படுத்தாலும் கம்பெனி ஆள் அனுப்பும். ஒவ்வொரு முறையும் தனியாக ஒரு சர்வீஸ் கட்டணம். 'முன்னாலேயே இருந்த கோளாறு' என்று தெரிந்தால் பெரும்பாலும் கையை விரித்துவிடும். இதில் ஏஜெண்டுக்கு ஏன் அவ்வளவு ஆர்வம்? வீடு கைமாறிய மூன்றாம் வாரம் ஹீட்டர் நின்றுபோனால், வாங்கியவர் முதலில் திட்டப் போவது அவரைத்தானே! திட்டு கம்பெனிக்குத் திரும்பட்டுமே என்று ஒரு நல்லெண்ணம். இன்னொரு காரணமும் இருந்தது. வாரண்ட்டியை விற்றுக் கொடுத்தால் கம்பெனியிடமிருந்து ஏஜெண்டுக்குக் கவர் வந்தது. 2010 ஜூனில் அந்த நாட்டு வீட்டுவசதித் துறை தலையிட்டு, 'நீ நிஜமாகவே ஏதாவது வேலை செய்தால் அதற்கு நியாயமான கூலி வாங்கிக்கொள். உன்னிடம் வரும் வாடிக்கையாளரிடம் சிபாரிசு செய்ததற்கே காசு வாங்கினால் அது 1974-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றம்' என்று விளக்கம் கொடுத்தது. புரோக்கர் ஜாதி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

நம் ஊரில் காசு கட்டாமலே ஒரு வாரண்ட்டி இருக்கிறது. பாதிப் பேருக்குத் தெரியாது என்பது என் அபிப்பிராயம். தெரிந்த பில்டர்கள் வாயைத் திறப்பதில்லை.

2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டத்தில் (எல்லோரும் 'ரெரா' என்கிறார்களே, அதுதான்) 14-வது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. வீட்டை ஒப்படைத்த தேதியிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானத்திலோ, வேலைத்தரத்திலோ, செய்து தருவதாகச் சொன்ன வசதியிலோ குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளைக்குள் சல்லிக் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு. அக்ரிமெண்டில் 'ஒரு வருஷம் மட்டும்' என்று பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். அடிக்கட்டும். சட்டம் சொல்வது ஐந்து.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிற நண்பன் ஒருவன். தாம்பரம் தாண்டி மூன்றாவது மாடியில் ஃப்ளாட். இருபது வருஷ லோன், சம்பளத்தில் பாதி ஈ.எம்.ஐ. நாலாவது மழைக்காலத்தில் பெட்ரூம் சுவரில் ஓதம் ஏறியது. மேல்வீட்டு பாத்ரூமில் வாட்டர்ப்ரூஃபிங் சரியில்லை. பெயின்ட் உப்பி, உதிர்ந்து, கடைசியில் இந்தியா மேப் மாதிரி ஆகிவிட்டது. குழந்தைக்கு இருமல் நிற்கவே இல்லை. கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டார்கள். இவனோ தினமும் சைட் இன்ஜினீயருக்குப் போன் போட்டான்.

"பாத்துக்கலாம் ஸார்."

"எப்போ?"

"மழை விடட்டும் ஸார்."

மழை விட்டது. "காயட்டும் ஸார்." காய்ந்தது. "இப்போ லீக் இல்லையே ஸார்!"

எட்டு மாதம் இப்படிப் போனது. போன் பேச்சுக்கு ரசீது ஏது? சட்டம் 'தெரியப்படுத்தினால்' என்கிறது. தெரியப்படுத்தியதற்கு அத்தாட்சி வேண்டாமா? நான் டெபிட்-கிரெடிட் படித்தவன், வவுச்சர் இல்லாத எதையும் நம்பமாட்டேன். சாவி கொடுத்த நாளில் கையெழுத்துப் போட்ட ஒப்படைப்புக் கடிதத்தைத் தேடச் சொன்னேன். பீரோவில் புடவைக்கு அடியில் இருந்தது. ஐந்து வருஷம் முடிய இன்னும் நாலு மாதம். தேதியோடு போட்டோ, எந்தச் சுவர், எப்போது தெரிந்தது எல்லாம் எழுதி, ஒன்று ஸ்பீட் போஸ்ட்டில், ஒன்று இமெயிலில். கீழே 14(3) என்று மட்டும் ஒரு வரி.

இருபத்தாறாம் நாள் மேல்வீட்டு பாத்ரூம் டைல்ஸைப் பெயர்க்க ஆள் வந்தது. வராமல் போயிருந்தால் எழும்பூரில் இருக்கும் ரெரா ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கலாம். நஷ்டஈட்டுக்கு அங்கேயே தீர்ப்பு அதிகாரி தனியாக உண்டு.

சின்னக் கட்டடமாக இருந்தால் கதை வேறு. 500 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் இரண்டேகால் கிரவுண்டுக்குள் உள்ள மனை, அல்லது எட்டு ஃப்ளாட்டுக்கு மேல் இல்லாத கட்டடம் என்றால் ரெராவில் பதிவு கட்டாயமில்லை. அங்கே சண்டை போட நுகர்வோர் கோர்ட் இருக்கிறது. அதற்கு இரண்டு வருஷக் கெடு. தூங்கிவிடாதீர்கள்.

சரி, புரோக்கரிடம் வருவோம். பதிவான திட்டங்களில் வீடு விற்றுக் கொடுக்க அவரும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும். கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். இல்லாத தரத்தை இருப்பதாகச் சொல்லக்கூடாது. நீங்கள் பார்க்க உரிமையுள்ள பேப்பர்களை புக்கிங் சமயத்திலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும். பதிவில்லாமல் வியாபாரம் செய்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், வீட்டு விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். வாங்கின கமிஷனைவிட அது அதிகம். எனவே அடுத்த தடவை யாராவது சுவரைத் தட்டினால், "உங்க ரெரா நம்பர் என்ன ஸார்?" என்று சாதாரணமாகக் கேட்டுவையுங்கள். சிலர் சொல்வார்கள். சிலருக்கு அந்த நிமிஷமே செல்போன் அடிக்கும்.

ரீஸேலில் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தில் 'ஒதுக்கீடு பெற்றவர்' என்பதற்குள் அவரிடமிருந்து பிறகு வாங்கியவரும் அடக்கம். மூன்று வருஷம் குடியிருந்தவரிடம் வாங்கினால், மிச்சமிருக்கும் இரண்டு வருஷத்துக்கு நீங்களும் பில்டரைக் கேட்கலாம். தாய்ப்பத்திரம், வில்லங்கம், வரி ரசீது என்று வாங்கும் லிஸ்டில், பழைய ஓனரின் ஒப்படைப்புக் கடிதத்தின் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அது எதுக்கு ஸார்?" என்பார் புரோக்கர். சொல்லாதீர்கள்.