ரிவிஷன் எண்களின் கதி

2024 ஜனவரி 8-ஆம் தேதியோடு சப்வெர்ஷன் கிளையன்டுகள் தன்னை அணுகும் வசதியைக் கிட்ஹப் நிறுவனம், 2023 ஜனவரியில் பிரகடனம் செய்தபடியே, அடியோடு நிறுத்திவிட்டதால், சப்வெர்ஷனையும் கிட்டையும் ஒருங்கே வைத்துக் காலம் தள்ளுகிறவர்களின் பொருட்டு நம் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும். 2010-இல் திறந்த இவ்வாசல் வழியே ஓர் அடைவை மட்டும் எக்ஸ்போர்ட் செய்துகொண்டவர்களும், எக்ஸ்டர்னல்ஸ் பண்பில் கிட்ஹப் முகவரியை எழுதிவைத்தவர்களும் வேறு மார்க்கம் தேட வேண்டியதாயிற்று. ஸ்பார்ஸ் செக்கவுட்டும் பார்ஷியல் குளோனும் வந்துவிட்ட காலத்தில் அது அசாத்தியமன்று. சேவையை நிறுத்துவது நிறுவனத்தின் உரிமை. ஏறத்தாழ ஓராண்டு அவகாசம் அளித்தது மரியாதை.

நம் கவலை வேறு. அவ்வழியே வந்தவர்கள் கண்ட ரிவிஷன் எண்கள் கிட்டின் எந்தக் கமிட்டிலும் எழுதப்பட்டவை அல்ல. கிட் வரலாற்றைச் சப்வெர்ஷனுக்கு விளங்கும்படி வரிசைப்படுத்திக் காட்டுவதற்காக கிட்ஹப்பின் சர்வர் தானே சூட்டிய எண்கள் அவை. இன்ன எண்ணுக்கு இன்ன கமிட் ஷா என்று அறிய வேண்டுமானால், கிட்-கமிட் என்னும் ரிவிஷன் பண்பை ப்ராப்கெட் கொண்டு அந்தச் சர்வரிடமே கேட்க வேண்டியிருந்தது. அது பதில் சொல்வதை நிறுத்திய மறுகணமே, பிழைப் பதிவுகளிலும் வெளியீட்டுக் குறிப்புகளிலும் தணிக்கை அறிக்கைகளிலும் ஆதாரமாகக் காட்டியிருக்கும் எண்களெல்லாம் வெறும் இலக்கங்களாகிவிட்டன.

இது கிட்ஹப்போடு முடியும் சங்கதியும் அன்று. கிட்-எஸ்விஎன் கொண்டு ஒத்திசைவை அமைக்க உட்காருகிறவர்கள் ஆதர்ஸ் ஃபைலைச் சிரத்தையோடு தயாரிப்பார்கள். டிரங்க், பிராஞ்ச், டேக் பாதைகளைச் சரிபார்ப்பார்கள். எந்தப் பக்கம் பிரதானம் என்பதையும் நிர்ணயித்துவிடுவார்கள். ஆனால், கமிட் செய்தியின் அடியில் வரும் கிட்-எஸ்விஎன்-ஐடி வரி கண்ணுக்கு அழகாயில்லை என்ற ஒரே காரணத்துக்காக நோ-மெட்டாடேட்டாவைச் சேர்த்துவிட்டு, பழைய ஆவணங்களில் உள்ள எண்களைத் தேடிப் பிடிப்பது கடினமாகும் என்று கையேடே எச்சரிப்பதை அலட்சியம் செய்வார்கள். பிறகு எண்ணையும் ஷாவையும் இணைக்கும் ரெவ்-மேப் கோப்பு தொலைந்தால் அதை மீண்டும் கட்ட வழியில்லை. டிகமிட் செய்தவுடனே ஷாவும் மாறிவிடுகிற ஏற்பாட்டில், எண்ணையும் தொலைத்தவர் எதைக் கொண்டு வரலாற்றைத் தேடுவார்?

நல்ல மார்க்கம் தெரியாமல் இல்லை. 2019-இல் கிட்டுக்குப் பெயர்ந்த எல்எல்விஎம் திட்டம் பழைய எண்ணைக் கமிட் செய்தியிலேயே பொறித்துவைத்தது. ஃப்ரீபிஎஸ்டி செய்தியைத் தொடாமல் கிட் நோட்ஸில் பதிந்தது. காப்பிபாரா என்னும் கருவியோ மூலக் கமிட்டின் அடையாளத்தைச் சேருமிடத்தில் ஒரு லேபிளாக எழுதிவைத்து, அடுத்த முறை எங்கிருந்து தொடங்குவது என்பதையே அதிலிருந்து அறிந்துகொள்கிறது.

மறு நில அளவை செய்து புதிய சர்வே எண் கொடுக்கும் சர்க்கார்கூடப் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பதிவேடு வைக்கிறது. அரசாங்க அலுவலகத்தின் மந்தகதியைப் பரிகசிக்கும் நம் துறையின் அதிபதிகளோ, டிஃப் வெறுமையாக வந்தால் பெயர்ச்சி பூர்த்தி என்று கையெழுத்திட்டு, அன்று மாலையே பழைய சர்வரை அணைத்துவிடச் சொல்கிறார்கள். ஒரு முடிவுக்கான நியாயத்தை வருங்காலத்தவர் தேடுவார்கள் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. சேமிப்புச் செலவு பெரிதென்று சாக்குச் சொல்வதற்கும் இடமில்லை, வேண்டுவது இரண்டே நெடுவரிசைகள் கொண்ட ஓர் எளிய கோப்பு.

ஆகவே கிட்ஹப்பின் வாசல் அடைபடுமுன் முதல் ரிவிஷனிலிருந்து ஹெட் வரை கிட்-கமிட் பண்பைக் கேட்டு வாங்கி, எண்ணையும் ஷாவையும் அருகருகே எழுதி, களஞ்சியத்திலேயே கமிட் செய்துவைத்திருந்தால் உத்தமம். எனினும், எண்ணைச் சூட்டியவரே அதன் பொருளையும் ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் தர்மம். அந்தப் பட்டியலை ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் தானே தயாரித்து அளிக்க வேண்டிய கடமை கிட்ஹப்பைச் சார்ந்தது.