புல்தரையில் மஞ்சள் வட்டம்: நாயைத் தடை செய்தால் தீருமா? அபார்ட்மென்ட் சண்டைக்குப் பின்னால் இருக்கும் யூரியா கணக்கு!

சென்னை, கோவை போன்ற நகரங்களின் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி வெடிக்கும் சண்டை இது. செலவு செய்து போட்ட புல்தரையில் அங்கங்கே தட்டு அளவுக்கு மஞ்சள் வட்டம். உடனே, "இனிமே நாயை கீழே கூட்டிட்டு வரக்கூடாது" என்று தீர்மானம் போடக் கிளம்பிவிடுகிறார்கள்.

புல் ஏன் கருகுது?

சிறுநீரில் இருக்கும் அமிலம்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையான காரணம் நைட்ரஜன். நாய் சாப்பிடும் புரதத்தில் உடலுக்குப் போக மிஞ்சும் நைட்ரஜன், யூரியாவாக வெளியேறுகிறது. வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். அளவாக விழுந்தால் உரம். ஒரே இடத்தில் மொத்தமாக விழுந்தால், உப்பும் சேர்ந்து புல்லைக் கருக்கிவிடும். நடுவில் காய்ந்து, ஓரம் மட்டும் கரும்பச்சையாகச் செழிப்பதும் இதனால்தான். ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது உரம் அளவுதான்.

பெண் நாய்கள் உட்கார்ந்து ஒரே இடத்தில் போவதால் அவற்றின் மேல் பழி அதிகம். மற்றபடி அதில் ஹார்மோன் சமாச்சாரம் எதுவும் இல்லை.

பழி போடும் முன் புல்லை லேசாக இழுத்துப் பார்க்கலாம். பாய் மாதிரி கையோடு வந்தால் அது வேர்ப்புழு வேலையாக இருக்கலாம், நாய் பாவம்!

தக்காளி ஜூஸ், சோடா உப்பு கொடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சிறுநீரின் அமிலத்தன்மை மாறினாலும் நைட்ரஜன் குறையாது. மாறாக, சிறுநீர்ப்பையில் கல் உருவாகும் ஆபத்து உண்டு. புல்லைக் காப்பாற்ற நாயின் உடம்பைக் கெடுப்பது என்ன நியாயம்?

பலன் தருவது வெறும் தண்ணீர்தான். நாய் போன கையோடு சில மக் தண்ணீர் ஊற்றினால் யூரியா நீர்த்துவிடும். கோடையில் டேங்கர் தண்ணீரை வீணாக்க வேண்டியதில்லை, தோட்டத்துக்கு விடும் சுத்திகரித்த தண்ணீரே போதும். கருகிய பிறகு ஊற்றினால் அந்தப் புல் பச்சையாகாது. காய்ந்ததைக் கிளறி எடுத்து, மண்ணை நன்றாக நனைத்து, புதுப் புல் பதிக்க வேண்டும். அருகம்புல் இனத்தைச் சேர்ந்த பெர்முடா புல் என்றால் தானே படர்ந்து மூடிவிடும், கொரியன் புல்லுக்குப் பொறுமை வேண்டும். சீக்கிரம் வளரட்டும் என்று அந்த இடத்தில் உரம் போடுவதுதான் பெரிய தப்பு.

சங்கம் தடை போட முடியுமா?

பெரும்பான்மை ஓட்டு இருந்தாலும் செல்லப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்கிறது இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். பூங்காவுக்குள் அடியோடு விடாமல் இருப்பதையும் அது ஏற்கவில்லை. ஆனால் இரு தரப்பும் பேசி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். அதோடு, ஒரு மூலையில் மணல் கொட்டி இடம் ஒதுக்கினால் பாதிப் பிரச்னை குறையும். நாய் அந்த இடத்துக்குப் பழகும் வரை சில வாரங்கள் கயிற்றோடு அங்கேயே கூட்டிப்போக வேண்டும். அந்த வேலை மட்டும் வளர்ப்பவருடையது.