வெம்பாக்கத்துப் பிள்ளைக்கு சுகர் வந்தால்...

சுகர் என்றதும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஒரு ஐம்பது வயதுக்காரர். காலையில் நடைப்பயிற்சி, சர்க்கரை போடாத காபி, கல்யாணப் பந்தியில் மனைவி கண்ணில் படாமல் ஒரே ஒரு ஜாங்கிரி... அரசாங்கத்துக்கும் அதே ஞாபகம்தான் போலிருக்கிறது. தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டங்கள் எல்லாம் 30 வயது தாண்டியவர்களை மனதில் வைத்து உருவானவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரையைக் கொண்டு வந்தது. நல்ல திட்டம். ஆனால் அந்த வாசலில் விளையாடிக்கொண்டிருக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கே சுகர் இருந்தால்?

அப்படி வருமா என்று கேட்பவர்கள்தான் அதிகம். வரும். இது தாத்தாவுக்கு வந்த சுகர் இல்லை. இனிப்பு அதிகம் தின்றதாலும் வருவதில்லை, அம்மா வளர்ப்பு சரியில்லாததாலும் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறுதலாகத் திரும்பி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மருத்துவத்தில் டைப் 1 என்கிறார்கள். மாத்திரை உதவாது. ஊசியில் இன்சுலின் போட்டால் பிள்ளை பிழைக்கும், போடாவிட்டால் சில நாட்களிலோ வாரங்களிலோ போய்விடும். உலக நீரிழிவு கூட்டமைப்பு 2021ல் போட்ட மதிப்பீட்டின்படி இந்தியாவில் 20 வயதுக்குள் இப்படி இருப்பவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல்.

இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை ஒட்டியிருக்கும் வெம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி என்று பட்டுத்தறி சத்தம் கேட்கும் வட்டாரம். நெசவாளி வீட்டில் புருஷன் தறிக்குழியில் உட்கார்ந்தால் பெண்டாட்டி ஊடைக்கு நூல் சுற்றுவாள். சேலையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. மழை பிடித்துத் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால் அதுவும் இல்லை.

அந்த வீட்டுப் பிள்ளை திடீரென்று குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறது. பாயில் ஒன்றுக்குப் போவதை நிறுத்தி நாலு வருஷமான பிள்ளை மறுபடி பாயை நனைக்கிறது. நன்றாகத்தான் சாப்பிடுகிறது, ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. வெயில் சூடு என்று இளநீர் கொடுப்பார்கள், வெறும் வயிற்றில் பூச்சி மருந்து கொடுப்பார்கள், மசூதியில் மந்திரித்துக் கொண்டு வருவார்கள். அப்புறம் வாந்தி, வயிற்று வலி, பெருமூச்சு. பக்கத்து கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று குளுக்கோஸ் ஏற்றினால்... அதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

இவ்வளவுக்கும் தேவைப்பட்டது விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தமும் ஐந்து விநாடியும். அந்தச் சின்ன மீட்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் இன்று அபூர்வம். அதை ஒரு குழந்தையின் விரலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாததுதான் பிரச்சினை. இத்தாலியில் பார்மா என்ற ஊரில் 1991ல் ஒரு காரியம் செய்தார்கள். பாயை நனைக்காத பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால் சுகர் பாருங்கள் என்ற அர்த்தத்தில் பள்ளிக்கூடங்களிலும் குழந்தை மருத்துவர்களிடமும் போஸ்டர் ஒட்டினார்கள். அதற்கு முன் புதிதாக நோய் கண்ட பிள்ளைகளில் 78 சதவீதம் பேர் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அது 12.5 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒரு போஸ்டர்! சினிமாவுக்கும் கட்சிக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் சுவர் முழுக்க ஒட்டத் தெரிந்த ஊர்தானே நம்மூர்.

சரி, நோயைக் கண்டுபிடித்தாகிவிட்டது, பிள்ளை பிழைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்க முடியாத மருந்தா இன்சுலின்? 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாகப் போட்டார்கள். கண்டுபிடித்தவர்கள் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்தார்கள். நூறு வருஷம் ஆகியும் உலகச் சந்தையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் மூன்று கம்பெனிகள் கையில்தான் இருந்தது, அது தனிக்கதை. ஆனால் இந்தியாவில் மனித இன்சுலின் குப்பி ஒன்று சுமார் 150 ரூபாய்தான். அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கிறது. இந்த இடத்தில்தான் பலர் "அப்புறம் என்ன கஷ்டம்?" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 30 யூனிட். குப்பியில் 400 யூனிட். மாதம் இரண்டு குப்பி, கொஞ்சம் கூட. காசு கொடுத்து வாங்கினாலும் 350 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் எவ்வளவு போடுவது என்று தெரிய, நாளைக்கு நாலு தடவையாவது சர்க்கரை அளவு பார்க்க வேண்டும். மாதம் 120 ஸ்டிரிப். ஒன்று 20 ரூபாய் என்றால் 2,400 ரூபாய். மருந்தைப் போல ஏழு மடங்கு! மருந்து இலவசம், அதை எவ்வளவு போடுவது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் காசு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஊசி போட்டால் அளவு கூடும், ராத்திரி தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிப் பிள்ளைக்கு வலிப்பு வரும். அதற்குப் பயந்து குறைத்துப் போடுவார்கள். குறைத்துப் போட்டே வருஷக்கணக்கில் ஓட்டினால் கண்ணும் சிறுநீரகமும் போகும்.

இதில் ஊசிக் குழப்பம் வேறு. குப்பி மருந்து ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு வலுவில் வருகிறது. சிவப்பு மூடி ஊசி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 யூனிட் மருந்தைத் தெரியாமல் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களே தடுமாறும் விஷயம். இதை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லித் தர ஒரு நர்ஸ் வேண்டும். குப்பியை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால் போதாது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு என்றால்? வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் வட்டாரம் இது. ஆனால் இதற்குக் கைவசம் வழி இருக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் 2021ல் வெளியிட்ட ஆய்வில், 25 முதல் 37 டிகிரிக்குள் ஏறி இறங்கும் சூட்டில் நாலு வாரம் வைத்தும் இன்சுலின் கெடவில்லை. பெரிய பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல் என்று வைத்தால் சூடு தணியும். பானைக்கு நம்மூரில் பஞ்சமில்லை. சொல்வதற்குத்தான் ஆள் வேண்டும், மறுபடியும்.

வீட்டுக்கு வெளியே இருப்பது இன்னொரு கஷ்டம். பெண்பிள்ளை என்றால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று சொந்தக்காரர்களிடமே மறைப்பார்கள். பள்ளிக்கூடத்திலும் சொல்ல மாட்டார்கள். மத்தியான ஊசியை விட்டுவிடும் பிள்ளைகள், கழிவறைக்குள் போய் ஒளிந்து போட்டுக்கொள்ளும் பிள்ளைகள்... இதைவிட மோசம், வேர் மருந்து தருகிறேன், ஊசியை நிறுத்து என்று சொல்லும் ஆசாமிகள். டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தச் சொல்பவர் வைத்தியரே இல்லை, கொலைகாரர். இதில் இரண்டு பக்க நியாயம் எல்லாம் கிடையாது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளாவில் 2018ல் டைப் 1 பிள்ளைகளுக்கென்றே அரசு ஒரு திட்டம் தொடங்கியது. பெயர் "மிட்டாயி"! (குசும்புதான்.) மருத்துவக் கல்லூரிகளில் தனி கிளினிக், இன்சுலின் பேனா, மீட்டர், ஸ்டிரிப், பெற்றோருக்குப் பயிற்சி எல்லாம் ஒரே பொட்டலமாக. இங்கே கோவையில் இதயங்கள் அறக்கட்டளை மாதிரி சிலர் நல்ல மனதோடு செய்கிறார்கள். ஆனால் வெம்பாக்கத்திலிருந்து கோவை நானூறு கிலோமீட்டருக்கு மேல். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்வரவே ஒரு நாள் கூலி போகும். 2022ல் வந்த ஓர் ஆய்வு, பத்து வயதில் இந்த நோய் கண்ட பிள்ளை ஏழை நாட்டில் சராசரியாக இன்னும் 13 வருஷமும் பணக்கார நாட்டில் 65 வருஷமும் வாழும் என்று கணக்கிட்டது. மருந்து இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அதைச் சுற்றி இருக்க வேண்டிய ஸ்டிரிப், நர்ஸ், பக்கத்திலேயே ஒரு கிளினிக், இவைதான் வித்தியாசம்.

ஒரு மாவட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கப் போவதில்லை. வீடு தேடி வந்து அம்மாவுக்கு பிரஷர் பார்க்க முடிகிற அரசாங்கத்துக்கு, அதே பையில் மாதம் 120 ஸ்டிரிப் வைப்பது பெரிய செலவில்லை. செய்யாறு அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாம். பள்ளிக்கூடத்துக்கு அந்தச் செலவும் இல்லை. பரீட்சை ஹாலுக்குள் டைப் 1 மாணவர்கள் மிட்டாய், பழம் கொண்டு போகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017லேயே அனுமதித்துவிட்டது. தேசிய குழந்தைகள் உரிமை ஆணையம் 2023ல் எல்லா மாநிலங்களுக்கும் இதே மாதிரி எழுதியது. வெம்பாக்கத்துப் பள்ளியில் பரீட்சை நேரத்தில் ஒரு பிள்ளைக்குக் கை நடுங்கி வியர்த்தால், சட்டைப் பையில் இருக்கும் அந்த மிட்டாயை வாயில் போட்டுக்கொள்ள விட வேண்டும் என்று கண்காணிப்புக்கு நிற்கும் வாத்தியாருக்கும் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.